அப்பாவை முன்னாடியே கூட்டிப் போயிருக்கலாமோ என்று உறுத்தும்போது

அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நெஞ்சு எரிகிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். விடியற்காலை நாலு மணிக்கு சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார், 108 வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "பக்கத்துலயே இருந்தும் விட்டுட்டியேப்பா" என்றார். அந்த வார்த்தை என்னை இரண்டு வருஷம் சரியாகத் தூங்கவிடவில்லை. இதே உறுத்தலோடு இருப்பவர்களுக்கு, எனக்கு எது கைகொடுத்தது என்று சொல்கிறேன்.

முதலில், உள்ளே ஓடுவது எது என்று பாருங்கள். "அன்றைக்கு நான் செய்தது தப்பு" என்று ஓடினால் அது குற்ற உணர்ச்சி. "நானெல்லாம் ஒரு பிள்ளையா" என்று ஓடினால் அது அவமானம். ஹெலன் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971லேயே இதைப் பிரித்துச் சொன்னார்: ஒன்று செய்த காரியத்தைப் பற்றியது, இன்னொன்று ஆளையே பற்றியது. கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. குற்ற உணர்ச்சி யாரிடமாவது போய்ச் சொல்லு, சரி செய் என்று தள்ளும், அவமானமோ ஒளிந்துகொள்ளச் சொல்லும். முதல் வருஷத் திதிக்கே வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லி நான் ஊருக்குப் போகவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியாது என்பதுதான் உண்மையான காரணம்.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தது, வலது பக்கம் பிறகு தெரிந்தது. மனசுக்குள்ளேயே செய்தால் இரண்டும் கலந்துவிடும், எழுதியே ஆக வேண்டும். என் நோட்டில் இடது பக்கம் இப்படி இருந்தது: நெஞ்சு எரிகிறது என்றார், மாதம் இரண்டு தடவையாவது இப்படிச் சொல்வார், மத்தியானம் கல்யாண விருந்து சாப்பிட்டிருந்தார். வலது பக்கம்: அது மாரடைப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பெரிய வலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். இந்த வலது பக்கத்தை டாக்டர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன், அதுவும் அப்பா போன பிறகு.

முடிவு தெரிந்த பிறகு "இது அப்போதே தெரிந்திருக்க வேண்டுமே" என்று தோன்றுவது உங்களுக்கு மட்டும் இல்லை. 1975ல் பருக் ஃபிஷ்ஹாஃப் என்ற ஆய்வாளர் 1814ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றி ஒரு குறிப்பைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார். குறிப்பு ஒன்றுதான், ஆனால் முடிவை மட்டும் ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறாகச் சொன்னார். தனக்குச் சொல்லப்பட்ட முடிவு நடக்க, மற்றவர்கள் நினைத்ததைவிட அதிக வாய்ப்பு இருந்தது என்று ஒவ்வொரு குழுவும் நினைத்தது. சம்பந்தமே இல்லாத போரிலேயே இப்படி என்றால், பெற்ற அப்பா விஷயத்தில் மனசு எப்படி நடந்துகொள்ளும்!

ஆனால் இடது பக்கத்தில் உண்மையான தப்பும் ஒன்று இருக்கலாம், அதை அழித்துவிடாதீர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அப்பா இரண்டு வாரமாகச் சொன்னார். "அடுத்த மாசம் செக்கப் போலாம்ப்பா" என்றேன். இது என் மேல்தான். அதை எழுதும்போது சரியான வினைச்சொல்லைத் தேடுங்கள், எனக்கு அதிகம் உதவியது இதுதான். "கொன்றுவிட்டேன்" என்றுதான் நான் முதலில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டுத் "தள்ளிப்போட்டேன்" என்று எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது.

அடுத்தது, அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது. முழுசாகக் கேட்பதற்கு முன்பே "உன் தப்பு ஒண்ணுமே இல்ல" என்று வாயை அடைப்பவரும் வேண்டாம், அறிவுரை சொல்பவரும் வேண்டாம். நான் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. "நானுந்தான் போர்வையைப் போத்திவிட்டுட்டுத் தூங்கிட்டேன்" என்றார். அதே ராத்திரியை அவரும் தனியாகச் சுமந்திருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை. அந்த வாரமே அம்மாவை இதயப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன், இப்போது வருஷா வருஷம் போகிறோம்.

குத்திப் பேசும் உறவினர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கும் அது வலிக்குது மாமா, இப்ப அதைப் பேச வேண்டாம்" என்பது போதும். விளக்கம் சொல்லப் போனால் மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் ஏறியதாகிவிடும்.

இதெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை, அல்லது நானும் போய்விட்டால் தேவலை என்று ஒரு தடவை தோன்றினாலும் சரி, தனியாகப் போராடாதீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் அந்த நோட்டைப் பார்த்தே படியுங்கள்.