இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் கதை கேட்கப் போகிறவர்களுக்கு

பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, போனை முகத்துக்கு நேரே நீட்டி, "பழைய கதை சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். என் அம்மாயியிடம் நான் அப்படித்தான் தொடங்கினேன். "எனக்கு என்னா புள்ள தெரியும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஆளை இடத்துக்குக் கூட்டிப்போங்கள். மவுசாகலை அணை 1969இல் கட்டி முடிந்து, பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் எச்சங்கள் வெளியே தெரியும். அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். அப்படி ஒரு நாள் அம்மாயியைக் கரையில் நிறுத்தினேன். வெடித்துக் கிடந்த சேற்றைக் காட்டி, "அங்கதான் துணிக்கடை, இங்கன சந்தை" என்று ஆரம்பித்தவர் பொழுது சாயும்வரை ஓயவில்லை. சாமி ஊர்வலம் வந்த பாதையை விரலாலேயே கோடிழுத்துக் காட்டினார்.

தோட்டம், மலைப் பெயர்களைக் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடியும் ஆட்கள் சொல்கிறபடியும் இரண்டு விதமாகவும் குறியுங்கள். மறே தோட்டத்துக்கு ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு பகுதியின் பெயர். மொக்கா யெமனில் கோப்பி ஏற்றிய துறைமுகம். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, மொக்கா தோட்டம் என்ற பெயர் தேயிலைக்கு நடுவே நிற்கிறது. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் நம்பர்தான். கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்டால் மாடசாமி மலை, வழுக்குப்பாறை மலை என்பார்கள். அந்தப் பெயரில்தான் கதை இருக்கும்.

சாமிகளை வேலையோடு சேர்த்துக் கேளுங்கள். ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, ரோதைமுனி; செடி வெட்டும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி. யார் பொங்கல் வைப்பது, எந்தக் கல்லைக் கும்பிடுவது என்பதையும் எழுதுங்கள்.

மன்மதன் கதையை ஆடும் காமன்கூத்துக்கு, மதன் எரியும் இரவில் மட்டும் போய்ப் படம் பிடிப்பது போதாது. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றும்போதே போய்விடுங்கள். தப்பு மேளச் சத்தம் இல்லாமல் பாடச் சொன்னால் கூத்து வாத்தியாருக்கே அடி விட்டுப்போகும்.

ஒப்பாரியில் மிகுந்த கவனம் வேண்டும். சாவு விழாத வீட்டில் அதைப் பாடக் கூடாது என்பார்கள். சாவு வீட்டில் போனை எடுப்பது அதைவிடத் தப்பு. எனக்குப் பாடித்தந்த ஆச்சி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைத் தாண்டி ஆற்றோரம் கூட்டிப்போய்த்தான் பாடினார். பாதியில் அழுதார். போனை நிறுத்திவிட்டேன்.

பெரட்டு, தொங்கல், பிள்ளைக்காம்பரா என்ற தோட்டத்துப் பேச்சுச் சொற்கள் எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதுங்கள், புத்தகத் தமிழாக்காதீர்கள். அன்று இரவே எழுதி, மறுவாரம் போய் வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தபோது அம்மாயி நடுவில் கையைப் பிடித்தார்: "சந்தை அங்க இல்ல புள்ள, பாலத்துக்கு அந்தப் பக்கம்."