மேலே படகு, கீழே நீர்மூழ்கி: கொட்டியாரக்குடாவில் படித்தது

ஆளில்லாப் படகையும் தானியங்கி நீர்மூழ்கியையும் சேர்த்து ஓட்டப் பழகுகிறவர்கள், கீழே இருப்பதோடு எவ்வளவு வேகமாகப் பேசலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். பேச்சே நின்றுபோனால் அது என்ன செய்யும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கடல்நீருக்குள் ரேடியோ போகாது, ஜீபிஎஸ் எட்டாது. இருப்பது ஒலிதான், செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர். திருகோணமலையில் கோணேசர் மலைக்குக் கிழக்கே படகை நிறுத்தி, 1.5 கிலோமீற்றர் தள்ளி ஓடும் நீர்மூழ்கியிடம் ஒன்று கேட்டால் பதில் வர இரண்டு செக்கன் ஆகும். வீடியோவை மறந்துவிடுங்கள். இடம், ஆழம், பற்றரி அளவு, அவ்வளவே. படகு மேலே ஜீபிஎஸ் பார்த்து, ஒலியால் தூரமும் திசையும் அளந்து, "நீ நிற்பது இங்கே" என்று கீழே சொல்ல வேண்டும்.

இறக்குமுன் இரண்டின் மணிக்கூடுகளையும் ஜீபிஎஸ் நேரத்துக்குப் பொருத்துங்கள். ஒருவழி ஒலியில் தூரம் அளந்தால், ஒரு மில்லிசெக்கன் பிசகுக்கு ஒன்றரை மீற்றர் பிழை. பேசவும் முறை வையுங்கள்: பத்துச் செக்கன் சுற்றில் முதல் பாதி படகுக்கு, மறுபாதி நீர்மூழ்கிக்கு. கேட்கும் நேரம் படகின் மோட்டாரைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம் எடை. இதில்தான் நான் மாட்டினேன். உப்புவெளிக் கடலில், மிதக்காமலும் தாழாமலும் நிற்க எடை சமநிலை பார்த்த 30 கிலோ நீர்மூழ்கியை, பெருமழை விட்ட மறுநாள் கொட்டியாரக்குடாவில் இறக்கினேன். மகாவலி விழும் இடம். ஆற்றுநீர் கனம் குறைந்தது, உப்புநீரின் மேல் தனிப் படையாகக் கிடக்கும். அந்தப் படைக்குள் வந்தால் 30 கிலோ சாமானில் 700 கிராம் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி. என்னுடையது எழும்பி வந்து, படையின் அடியிலேயே தொங்கிக்கொண்டு நின்றது. அன்ரெனா வெளியே வரவில்லை. படகின் அடியில் ஒட்டியிருந்த மோடமோ (ஒலியால் பேசும் கருவி) ஆற்றுநீருக்குள், ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. பின்னேரம் மூதூர்க் காக்கா (முஸ்லிம் அண்ணர்) ஒருவர் கூப்பிட்டார்: "தம்பி, உங்கட மீன் நம்மட வலையில கிடக்கு." கிழிந்த வலைக்குக் காசு கொடுத்தேன்.

ஆகவே ஓட்டும் இடத்திலேயே எடை பாருங்கள். மோடத்தைக் கயிற்றில் கட்டி, ஆற்றுநீர்ப் படைக்குக் கீழே தொங்கவிடுங்கள். முதல் நாளே வலை எங்கே கிடக்கும் என்று வள்ளக்காரரிடம் கேளுங்கள். கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் இங்கேதான், அனுமதி இல்லாமல் எதையும் இறக்காதீர்கள்.

சத்தம் அறுந்தால் என் கணக்கு இது. ஒரு நிமிடம்வரை நீர்மூழ்கி வேலையைத் தொடரும். ஐந்து நிமிடமானால் ஆழத்தை மாற்றி, முன்பே குறித்த இடத்துக்குப் போகும். பத்தாவது நிமிடம் எழும்பும். படகு அங்கிருந்து 50 மீற்றர் விலகி நிற்கும், இல்லையென்றால் இரண்டும் முட்டும். எழும்பாமல் நின்றால், கழன்று விழும் எடை இருக்கிறது. அது ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. அன்று நான் போட்டிருந்தது அரைக் கிலோ.