எழுபது புளியங்கொட்டை: பிள்ளையோடு பல்லாங்குழி ஆடுவது எப்படி

பல்லாங்குழிக்குக் கடைப் பலகை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. காகித டீக் கப் 14 எடுத்து, பாதி உயரத்துக்கு வெட்டி, பாயில் எதிரெதிராக ஏழேழு வையுங்கள். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டும் ஆடலாம். ஆனால் கொட்டை நழுவிப் பக்கத்து வட்டத்துக்குப் போகும், அங்கிருந்து சண்டை தொடங்கும்.

காய்க்குப் புளியங்கொட்டை 70, கூடவே உபரியாக ஐந்தாறு. சதை ஒட்டாமல் கழுவி இரண்டு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். பிசுபிசுப்பு மிஞ்சினால் இரண்டு கொட்டை ஒட்டிக்கொண்டு ஒன்றாக விழும், எறும்பும் வரும். ஓட்டை விழுந்த கொட்டைக்குள் வண்டு இருக்கும், எறிந்துவிடுங்கள். சோழி, மஞ்சாடி என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், குன்றிமணி மட்டும் கூடாது. மஞ்சாடி முழுக்கச் சிவப்பு. குன்றிமணியில் கறுப்புப் பொட்டு இருக்கும். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம் அது. வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மேலே வைத்துவிடுங்கள். எந்தக் கொட்டையும் தொண்டையில் அடைக்கும்.

ஊருக்கு ஊர் விதி மாறும். கீழே உள்ளது பரவலாக ஆடப்படும் முறை. வேறு முறை பழகியவர் வீட்டில் இருந்தால், உட்காரும் முன்பே எது என்று பேசி முடித்துவிடுங்கள்.

குழிக்கு 5 கொட்டை. உங்கள் வரிசைக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 7 வரை எண் வைத்துக்கொள்ளுங்கள். எதிர் வரிசையை வலக்கோடியிலிருந்து திரும்பி 8 முதல் 14 வரை எண்ணுங்கள். 1-ஆம் குழியை அள்ளி 2, 3, 4, 5, 6 என்று ஒவ்வொன்றாகப் போடுகிறீர்கள். கை காலியானதும் அடுத்த குழியான 7-ஐ அள்ளுங்கள்; அது 12 வரை போகும். அடுத்து 13-ஐ அள்ளினால் 4-இல் முடியும். 5-இல் இப்போது 6 கொட்டை. அது 11 வரை போகும். 12-இலும் ஆறு, அது சுற்றி வந்து மறுபடி 4-இல் முடியும். அடுத்த குழி 5 காலி. காலிக் குழியைத் தடவிவிட்டு அதற்கு அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். 6-ஆம் குழியில் 7 கொட்டை இருக்கும். அது உங்களுக்கு, முறை எதிராளிக்கு. இரண்டு குழி அடுத்தடுத்துக் காலியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது.

எல்லாக் குழியிலும் ஐந்தைந்து இருப்பதால், முதல் ஆட்டத்தை எந்தக் குழியில் தொடங்கினாலும் கிடைப்பது 7 தான். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான்கைந்து நாள் ஆடினால் அதுவே கண்டுபிடித்து, “ஏன்ப்பா எப்பவும் ஏழு?” என்று கேட்கும். உங்களுக்கு மட்டும் இது ஒரு சோதனை: 7 வரவில்லை என்றால் நடுவில் யாரோ ஒரு குழியைத் தாண்டியிருக்கிறார்கள், அல்லது இரண்டாகப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது பசு. யார் ஆடினாலும் சரி, உங்கள் வரிசையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்த கணத்தில் அது பசு. அந்த நான்கையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டு ஐந்தாவது விழுந்துவிட்டால் போனது போனதுதான். எதிராளி ஆடும்போதும் பிள்ளையின் கண் தன் வரிசையை விட்டு நகராமல் இருப்பது இதனால்தான். குழியிலிருந்து எடுத்து எண்ண விடாதீர்கள். பார்த்தே நான்கு என்று தெரிய வேண்டும். பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு, “அங்க பாரு, பசு!” என்று முந்திக்கொள்வது. நாக்கைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

ஆட வேண்டியவரின் வரிசை காலியானால் சுற்று முடிந்தது. எதிர் வரிசையில் மிஞ்சியது அந்த வரிசைக்காரருக்கு. இனிதான் கணக்கு. பிள்ளையிடம் 28, உங்களிடம் 42 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 5 குழி நிரப்பும், 3 கையில் மிஞ்சும், இரண்டு குழி மூடப்படும். அடுத்த சுற்றில் மூடிய குழியில் யாரும் போடக் கூடாது. நீங்கள் ஏழையும் நிரப்பி 7 கையில் வைத்திருப்பீர்கள். மீதி வரும் வகுத்தலைப் பள்ளியில் நடத்தும் முன்பே பிள்ளை இங்கே செய்துவிடுகிறது. அந்தப் பெயரை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இருவர் காயும் சேர்ந்து 70 வராவிட்டால் பாயைத் தூக்கிப் பாருங்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு 14 குழி அதிகம். பக்கத்துக்கு நான்கு குழி, குழிக்கு 4 கொட்டை, மொத்தம் 32. பசு விதி வேண்டாம். முதல் ஆட்டத்தில் 6 கிடைக்கும், உற்சாகத்துக்கு அது போதும். பெரியவர்கள் பழக்கத்தில் கடகடவென்று போட்டுவிடுவார்கள், பிள்ளையால் தொடர முடியாது. ஒவ்வொரு கொட்டையும் விழும் சத்தம் தனித்தனியாகக் கேட்கும் வேகத்தில் ஆடுங்கள். வேண்டுமென்றே தோற்பதும் வேண்டாம், பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். பசு விதியோடு ஆடும் வயது வந்ததும், “என் வரிசைப் பசுவை நான் எடுக்க மாட்டேன்” என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு முழு மூச்சாக ஆடுவது மேல்.

பல்லாங்குழி ஆட முடியாத கரண்ட் போன நேரத்துக்கும் பஸ் பயணத்துக்கும் கடைசி எழுத்து விளையாட்டு: ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும். தமிழில் இது சீக்கிரமே முட்டிக்கொள்ளும்: ‘மாடு’ என்றால் ‘டு’வில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது? அப்படி வந்தால் எழுத்துக்குள் இருக்கும் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள்: மாடு, உப்பு, புலி, இலை, ஐந்து. ‘லி’யில் இ, ‘லை’யில் ஐ என்று பிள்ளை வாயால் பிரித்துப் பார்க்கும். ‘மரம்’ போல ‘ம்’-இல் முடிந்தால் ம வரிசையில் எந்தச் சொல்லும் சொல்லலாம். ‘ன்’, ‘ண்’ வந்தால் ந வரிசை. ‘ல்’, ‘ள்’, ‘ழ்’, ‘ர்’ ஆகியவற்றில் முடியும் சொல் செல்லாது என்று வைத்துக்கொண்டால்தான் ஆட்டம் ஓடும்; இல்லையென்றால் ‘கடல்’, ‘கால்’ என்று போட்டுத் தாக்கியே பிள்ளை உங்களைத் தோற்கடித்துவிடும்.