மாலை வகுப்பு நடத்துகிறீர்களா? விளைவைக் கணக்கெடுக்கும் முறை, படிப்படியாக

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்கள் மாலை வகுப்புகளை மூடிவிட்டோம். நன்கொடையாளரிடம் கொடுத்த திட்டத்தில் மாதத்துக்கு இத்தனை வகுப்பு, இத்தனை பிள்ளைகள் என்றுதான் இருந்தது. வகுப்பே இல்லாதபோது அறிக்கையில் என்ன எழுதுவது? கொடுத்த மளிகைப் பைகளை எண்ணி எழுதினோம். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

முதல் படி, விளைவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வகுப்பு எடுப்பது செயல்பாடு, நடந்த வகுப்புகளின் எண்ணிக்கை வெளியீடு, பிள்ளை தானே ஒரு கதையை வாசிப்பது விளைவு. ஊரடங்கில் வகுப்பு போய், போனில் கதை சொல்லத் தொடங்கினோம். செயல்பாடுதான் மாறியது, விளைவு அதேதான். இதை நன்கொடையாளருக்கு உடனே எழுதித் தெரிவியுங்கள்.

இரண்டாம் படி தொடக்க நிலை, அதாவது வேலையைத் தொடங்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் எந்த அளவில் இருக்கிறது என்ற கணக்கு. நான் சறுக்கியது இங்கேதான். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. நானோ 2020 ஜனவரியில் எடுத்த பட்டியலோடு ஒப்பிட்டேன். அதில் ‘சொல் வாசிப்பாள்’ என்று குறித்திருந்த பெண், பள்ளி திறந்தபோது நாலாம் வகுப்பு. ‘மரம்’ என்று எழுதிக் காட்டினால் ‘ம... ர... ம்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சேர்த்துச் சொல்ல வரவில்லை. ஆறு மாதத்தில் மறுபடியும் சொற்களை வாசித்தாள். பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் அவள் முன்னேற்றம் பூஜ்யம்! அந்த ஆறு மாத உழைப்பு அறிக்கையில் காணாமல் போயிற்று.

அதனால் மையத்தைத் திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் புதிதாகக் கணக்கெடுங்கள். பழைய பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள், இழப்பு எவ்வளவு என்று அதுதான் காட்டும். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வின் வாசிப்புத் தாள் தமிழில் இருக்கிறது: எழுத்து, சொல், பத்தி, கதை. பத்தியில் தொடங்குங்கள். வாசித்தால் கதை, திணறினால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. பிள்ளையைத் தனியாக உட்கார வையுங்கள். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்ததும் வராது.

பதிவுக்கு நூறு பிள்ளைகள் வரை நோட்டும் கூகுள் ஷீட்ஸும் போதும். மையங்கள் பெருகினால் போனிலேயே படிவம் நிரப்பித் தகவல் சேர்க்கும் கோபோ டூல்பாக்ஸ் (KoboToolbox), சிக்னல் இல்லாத ஊரிலும் வேலை செய்யும். வாட்ஸ்அப் படங்களைப் பதிவாக வைத்துக்கொள்ள வேண்டாம், தேவைப்படும்போது ஒன்றும் கிடைக்காது.

பின்சேர்க்கை: பெற்றோருடன் வேலைக்காக வெளியூர் போய்விட்ட பிள்ளைகளை என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் இருந்தவர்களை மட்டும் ஒப்பிடுங்கள், போனவர்களின் எண்ணிக்கையைத் தனி வரியில் காட்டுங்கள். பின்தங்கியவர்கள் போய்விட்டால் சராசரி தானாகவே ஏறிவிடும். அப்புறம், 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்ட வகுப்புக்கும் சென்ற பிள்ளை என்றால் அதையும் பெயருக்கு நேரே குறித்துவிடுங்கள். அந்த முன்னேற்றத்தில் அங்கே சொல்லிக்கொடுத்த தன்னார்வலருக்கும் பங்கு உண்டு.