ஸ்பீக்கர் வயர் வாங்குமுன் செய்ய வேண்டியவை

சத்தம் மங்கிவிட்டது, விலை கூடிய வயர் போட்டால் தெளியும் என்று நினைத்தால், கடைக்குப் போகுமுன் ஆம்பை (அம்ப்ளிபயரை) நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். பழைய வயரின் நுனிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கந்தப்பளை, நானுஓயா பக்கம் ஜன்னலோரம் வைத்த செட் என்றால் இழைகள் கறுத்திருக்கும், அல்லது பச்சை பூத்திருக்கும். மழை மாதத்தில் சுவரே வேர்க்கும் வீட்டில் செம்பு மட்டும் எப்படித் தப்பும்?

கறுத்த பகுதியை வெட்டி எறியுங்கள். சில வயர்களில் கறுப்பு உறைக்குள்ளும் ஏறியிருக்கும். மினுங்கும் செம்பு தெரியும்வரை 2, 3 செ.மீ. வெட்ட வேண்டிவரும். பிறகு 1 செ.மீ. உறையை உரித்து, இழைகளை முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் இறுக்குங்கள். நீட்டிய ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்பின் வெளியீட்டுப் பகுதியே எரியலாம். திருகால் இறுக்கும் முனை என்றால் நுனிக்கு ஈயம் பற்றவைக்க வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசியும், சில மாதத்தில் திருகு தானாகத் தளரும்.

அப்படியே சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகிறதா என்று இரண்டு ஸ்பீக்கர் பெட்டியிலும் பாருங்கள். ஒன்று மாறியிருந்தால் பேஸ் வற்றிப்போகும், பாடுபவர் குரல் நடுவில் நிற்காது. வயரில் நிறம் இல்லாவிட்டால் ஆம்ப் பக்க நுனிகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸுக்குப் போனால் பேஸ் கூம்பு முன்னால் தள்ளும். மாறியிருந்தால் உள்ளே இழுக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. புது வயர் போட்டதும் “சத்தமே மாறிவிட்டது” என்று சொல்லும் வீடுகளில் பல நேரம் நடப்பது இந்தத் துப்புரவுதான். அழுக்கு முனை போய்விடுகிறது, மாறிய முனை சரியாகிவிடுகிறது. பெயர் மட்டும் வயருக்குப் போகிறது.

இதற்குப் பிறகும் வயர் வேண்டும் என்றால், பார்க்க வேண்டியது தடிப்பும் நீளமும்தான். வயரின் மொத்தத் தடை, ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 வீதத்துக்குள் இருந்தால் போதும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரின் ஓர் இழைத்தொகுதிக்கு 1,000 மீற்றருக்கு 13.3 ஓம், 2.5-க்கு ஏறக்குறைய 8 ஓம், 0.75-க்கு 26 ஓம். பெட்டி 10 மீற்றர் தள்ளி இருந்தால் போக வர 20 மீற்றர். 1.5-இல் அது 0.27 ஓம், 8 ஓம் பெட்டிக்கு 3 வீதத்துக்குச் சற்று மேல், இழப்பு 0.3 டெசிபல்கூட இல்லை. 4 ஓம் பெட்டி என்றால் 2.5 வாங்குங்கள். லயக்காம்பிராவின் (தோட்ட வரிசை வீட்டு அறையின்) ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு 3 மீற்றர் என்றால் 0.75-ஏ போதும். அளவு எழுதாமல் 30/0.25 என்று போட்டிருந்தால் 30 இழை, ஒவ்வொன்றும் 0.25 மி.மீ.; அதுதான் 1.5.

ஏமாறுவது இங்கே அல்ல, உலோகத்தில். தடிப்பாக, பளபளப்பாக, மலிவாக இருக்கும் பல வயர்கள் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியவை. அவற்றின் தடை அதே தடிப்புச் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓர் இழையை பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். சுருளைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: 1.5 இரட்டை வயர் 100 மீற்றரில் செம்பு மட்டும் 2.7 கிலோ அளவு இருக்க வேண்டும்.

“ஒட்சிசன் அற்ற செம்பு” என்பது பொய் இல்லை, ஆனால் சாதாரண மின்கம்பிச் செம்பைவிட அது கடத்தும் திறனில் கூடுவது ஒரு வீதமளவுதான். அதே பணத்தில் ஒரு படி தடிப்பான வயர் வாங்குவது மேல். உறையில் அம்புக்குறி போட்டு “இந்தத் திசையில் மாட்டவும்” என்பதை ஸ்பீக்கர் வயரில் நம்ப வேண்டாம். பாட்டின் மின்னோட்டம் விநாடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை திசை மாறுவது. கவச உறையை ஒரு பக்கம் மட்டும் இணைத்த சிக்னல் வயரில் மட்டுமே அம்புக்கு வேலை உண்டு. எச்டிஎம்ஐ போன்ற டிஜிட்டல் வயர் பழுதானால் படம் பொறிபறக்கும், சத்தம் விட்டு விட்டு வரும். “கொஞ்சம் இனிமை குறைவு” என்று ஒன்று அதில் கிடையாது. இருந்தும் 2008 அளவில் டெனன் நிறுவனம் 1.5 மீற்றர் நெட்வேர்க் வயரை அம்புக்குறியோடு 499 டொலருக்கு விற்றது.

பவர் வயரும் அப்படித்தான். லக்ஸபான மின்நிலையத்திலிருந்து மலை மலையாகத் தாண்டி, ட்ரான்ஸ்போமர் கடந்து, சுவருக்குள் ஓடி வந்த கரண்டை கடைசி ஒன்றரை மீற்றர் வயர் தூய்மையாக்காது. உங்களுக்குத் தேவை ஒழுங்கான எர்த். ஆம்பில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் இருந்தால் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால், ஆம்பும் டிஷ்ஷும் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொட்டு, இரண்டுக்கும் இடையில் கரண்ட் சுற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் மாட்டுங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டவே வேண்டாம், ஆள் உயிருக்கு ஆபத்து. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களிலும் இடி முழங்கத் தொடங்குமுன் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றுங்கள். எந்த விலை வயரும் மின்னலைத் தடுக்காது.

யாராவது வித்தியாசம் கேட்கிறது என்று சொன்னால் சோதித்தே பார்க்கலாம். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் திரைக்குப் பின்னால் காசு சுண்டி வயரை மாற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கழற்றி மாட்டுங்கள், அதே வயர் வந்தாலும் சரி. இல்லாவிட்டால் கை ஓசையே காட்டிக்கொடுக்கும். ஒரே பாட்டு, வொலியும் குமிழைத் தொடக்கூடாது, ஏனென்றால் கொஞ்சம் கூடின சத்தத்தை காது ‘தெளிவு’ என்றே எடுத்துக்கொள்ளும். பத்துச் சுற்றில் 9 சரியாகச் சொன்னால் கவனிக்க வேண்டிய விஷயம். வெறும் ஊகத்தில் 9 அல்லது 10 சரியாக வருவது 1,024-இல் 11 தடவைதான். 6, 7 என்பது ஊகம்.

வயர் உண்மையில் சத்தத்தைத் தின்னும் இடம் தோட்டக் கோயில் திருவிழா. 8 ஓம் ஹோர்ன் ஸ்பீக்கரை 1.5 வயரில் 100 மீற்றர் கொண்டுபோனால் வயரில் மட்டும் 2.66 ஓம், ஹோர்னுக்குச் சேரும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். அங்கே தடித்த வயர் தேடாமல், ட்ரான்ஸ்போமர் உள்ள ஹோர்னை ஆம்பின் 100 வோல்ட் முனையில் கொடுங்கள். ட்ரான்ஸ்போமரின் 30 வாட் முனையில் அது 333 ஓம் காட்டும், அதே வயரில் இழப்பு ஒரு வீதத்துக்கும் கீழே. ஆனால் 100 வோல்ட் ஷொக் அடிக்கும்: மூட்டுகளை டேப்பால் சுற்றி, தேயிலைச் செடிக்கு மேல் படாமல், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். மழை பெய்தால் மூட்டின் பக்கத்தில் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விடுங்கள், தண்ணீர் அதில் சொட்டி விழுந்துவிடும்.