'கேஷ்' நம்ம காசுதானா? ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி

'ஆங்கிலத்தில் இருக்கும் கேஷ் நம் காசிலிருந்து போனதுதான், பகிருங்கள்' என்ற செய்தி வாட்ஸப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். நானும் ஒருகாலத்தில் பெருமையாக நாலு குழுவுக்கு அனுப்பியவன்தான். அது பாதி உண்மை, பாதி தப்பு. எந்தப் பாதி எது என்று கண்டுபிடிக்க அரைமணி நேரமும் கையில் ஒரு போனும் இருந்தால் போதும். கேஷையே வைத்துச் சொல்கிறேன், வேறு சொற்களுக்கும் இதே வழிதான்.

முதலில் ஓசையை மறந்துவிடுங்கள். ஒரே மாதிரி ஒலிப்பது சந்தேகப்படக் காரணமே தவிர சாட்சி ஆகாது. மெரியம்-வெப்ஸ்டர் மாதிரி ஒரு நல்ல அகராதியைத் திறந்து, அந்தச் சொல்லுக்கு எத்தனை தனிப் பதிவுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் பிறப்பு வேறு என்றால் அகராதிக்காரர்கள் பிரித்துத்தான் போடுவார்கள். கேஷ் அங்கே இரண்டு பெயர்ச்சொற்களாக நிற்கும். ஒன்று கையில் இருக்கும் ரொக்கம், இன்னொன்று தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயம். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்தது.

அடுத்து, பழைய பொருளைத் தேடுங்கள். எட்டிமான்லைன் (Etymonline) என்ற இலவசச் சொற்பிறப்புத் தளம் இதற்குப் போதும். ரொக்கம் என்ற கேஷ் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் 'பணப்பெட்டி' என்றும் பொருள் இருந்தது. பிரெஞ்சில் 'கெஸ்', இத்தாலியனில் 'காஸ்ஸா', அதற்கும் முன்னால் லத்தீனில் 'காப்ஸா', எல்லாமே பெட்டிதான். பெட்டியின் பெயர் மெல்ல உள்ளே இருந்த பணத்துக்கு ஏறிவிட்டது. நமக்கு இது புதிதா என்ன? கல்லா என்பது பெட்டி, ஆனால் 'படம் நல்லா கல்லா கட்டிடுச்சு' என்றால் யாரும் பெட்டியை நினைப்பதில்லை.

அப்புறம் சொந்தக்காரர்களை விசாரியுங்கள். கேஷியர், கேஸட், கேப்ஸ்யூல், பெட்டி என்ற பொருளில் வரும் கேஸ், எல்லோரும் அதே லத்தீன் பெட்டிக்குள்ளிருந்து வந்தவர்கள். ரொக்கத்தைக் காசின் பிள்ளை என்று சொன்னால் இந்தக் குடும்பம் முழுவதற்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது இரண்டாவது கேஷ். இது நம்முடையதேதான், சந்தேகமே வேண்டாம். காசு என்று இங்கே கேட்டதைப் போர்ச்சுகீசியர்கள் 'கைஷா' என்று எழுதிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் மொழியில் கைஷா என்றாலே பெட்டி, அதுவும் அதே காப்ஸாவின் பேரன். ஆக, இரண்டு சொற்களும் அவர்கள் வாயிலேயே குழம்ப ஆரம்பித்துவிட்டன. ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது இரண்டுமே கேஷ். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 கேஷ் சேர்ந்தால் 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தால் 'வராகன்' என்ற ஒரு பொன் நாணயம். பர்மிங்ஹாமில் இருந்த சோஹோ நாணயச்சாலையில் 1808ஆம் ஆண்டு போட்டு அடித்த 'பத்து கேஷ்', 'இருபது கேஷ்' செப்புக்காசுகளை ஏற்றிக்கொண்டு மதராஸுக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் அவற்றை அள்ளி எடுத்தார்கள், இன்றும் நாணயம் சேர்ப்பவர்கள் வாங்குகிறார்கள். காசு ஆங்கிலமானதற்கு அந்தச் செம்பை விட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒரு பொறி இருக்கிறது. 'சம்பந்தரே 7ஆம் நூற்றாண்டில் வாசி தீரவே காசு நல்குவீர் என்று பாடிவிட்டார், அப்போது ஆங்கிலேயன் எங்கே இருந்தான்' என்று ஒருவர் கட்டாயம் வருவார். சரி, காசு பழையதுதான். ஆனால் பழையதாக இருந்தால் மட்டும் போதாது, அது எந்த வழியாக, யார் வாயில் ஏறிப் போனது என்று காட்ட வேண்டும். தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்க சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே கிடைக்கிறது. காசு என்று தேடினால் நாணயத்தோடு மணி, குற்றம், வெண்பாவின் ஈற்றில் வரும் வாய்பாடு எல்லாம் வரும். பெட்டி மட்டும் வராது.

கடைசியாக, கதை ரொம்ப அழகாக இருந்தால் உஷாராகிவிடுங்கள். 'காசுக்கு எட்டு' என்று கூவி விற்றதால்தான் முந்திரிக்குக் கேஷ்யூ என்று பெயர் வந்ததாம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பிரேசிலின் டுப்பி மொழியில் 'அகாஜு', அதிலிருந்து போர்ச்சுகீசிய 'காஜு'. மலையாளத்தில் முந்திரிக்குப் பறங்கியண்டி, அதாவது பறங்கிக்காரர்களின் கொட்டை, என்றே ஒரு பெயர் உண்டு, யார் கொண்டுவந்தார்கள் என்று அந்தப் பெயரே ஒப்புக்கொள்கிறது.

இத்தனையும் பார்த்து மனசு உடைந்துவிட்டதென்றால் அடுத்து கேட்டமரானைத் தேடிப் பாருங்கள். அது நம் கட்டுமரத்தில்தான் போய் நிற்கும்.