கடையும் கரண்டும் இல்லாத இடத்தில் இரண்டு இரவு: ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தயார் செய்வது எப்படி

தார், ஜிம்னி, கூர்க்கா, அப்பா காலத்து மேஜர் ஜீப் என்று எதை வைத்திருந்தாலும் சரி, வெளியில் தங்கும் ஆசை வந்தவுடன் முதலில் கேட்பது வின்ச் (வண்டியை இழுக்கிற கயிற்று மோட்டார்), எல்இடி பார், கூரை மேல் விரிக்கிற டெண்ட். மதுரையைச் சுற்றித் தங்குவதற்கு இவை எதுவும் முதலில் தேவையில்லை. நம் பக்கம் வண்டிக்காரனைப் படுத்துவது மூன்றுதான்: சீமைக்கருவேல முள், மழை பெய்த கரிசல், வெயில். இந்த மூன்றுக்கும் தயார் செய்துவிட்டு மிச்சப் பணத்தை டீசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை ஒரு நோட்டு. ஏற்றப்போகும் ஒவ்வொரு பொருளின் எடையையும் அதில் எழுதுங்கள். ஜிம்னியை எடுத்துக்கொண்டால், எல்லாம் ஏற்றிய பின் வண்டி 1545 கிலோவைத் தாண்டக் கூடாது, வெறும் வண்டியே கிட்டத்தட்ட 1200 கிலோ, ஆக ஆட்களையும் சேர்த்து நாம் ஏற்றக்கூடியது 340 கிலோ சுமார். நாலு பேர் ஏறினால் அதிலேயே 280 போய்விடும், மீதி 60 கிலோவில் தண்ணீரை வைப்பதா சமையல் சாமானை வைப்பதா? அதனால் சின்ன வண்டியில் தங்கப் போவது இரண்டு பேர் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கூரை டெண்ட் மட்டுமே 50, 60 கிலோ இருக்கும், அத்தனையும் உச்சியில். அதை ஏற்றிக்கொண்டு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை இறங்கிப் பார்த்தால், ஒவ்வொரு வளைவிலும் வண்டி எவ்வளவு சாய்கிறது என்று உடம்பே சொல்லும்.

பாடியை வெட்டுவது, முன்னால் இரும்பு பம்பர் மாட்டுவது வேண்டவே வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, புல் பார் என்கிற அந்த முன்பக்க இரும்புச் சட்டத்தை மாட்டியவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017-லேயே மத்திய அரசு கடிதம் அனுப்பியாயிற்று. கழற்றி வைக்கக்கூடிய பலகை, பெட்டி, பெல்ட், இவற்றை வைத்தே எல்லா வேலையும் முடியும்.

இப்போது டயர். பணம் போட வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் கண்மாய்க்கரைப் பாதை எதில் இறங்கினாலும் இரண்டு பக்கமும் கருவேலம்தான், வெட்டிப் போட்ட கிளை காய்ந்து மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. ரோட்டுக்கும் மண் பாதைக்கும் சேர்த்துச் செய்த ஆல் டெரெய்ன் டயர், ஏர் நிரப்பிய ஸ்டெப்னி, டியூப்லெஸ் பஞ்சர் கிட், பேட்டரியில் கிளிப் மாட்டி ஓடுகிற கம்ப்ரெஸர், ஒரு நல்ல பிரஷர் கேஜ், இந்த ஐந்தும் இல்லாமல் கிளம்பாதீர்கள். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுகிற கம்ப்ரெஸர் தார் ரோட்டுக்குப் போதும், பெரிய டயருக்கு நேரம் பிடிக்கும், ஃபியூஸும் போகும். டயரில் முள் தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், கெட்டியான சமதரைக்குப் போய் கிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்புறம் பிடுங்குங்கள். முள் டயரின் பக்கவாட்டில் ஏறியிருந்தால் கிட்டில் இருக்கிற ஓட்டை அடைக்கும் பிளக் நிற்காது, ஸ்டெப்னி மாற்ற வேண்டியதுதான். ஜாக்கிக்கு அடியில் போட ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகை ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும், இல்லாவிட்டால் இளகின மண்ணில் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

ரோட்டில் 30 பிஎஸ்ஐ வைத்திருக்கிறீர்கள் என்றால் கல் பாதையில் 22, 24-க்கு இறக்கலாம். தேரிக்காட்டு மாதிரி மணலில் 15 முதல் 18. டயர் தட்டையாகி மண்ணில் அதிக இடத்தில் பரவுவதால் புதையாது. ஆனால் அப்படி இறக்கின டயரோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும், ரிம்மிலிருந்தும் கழன்றுகொள்ளும், எனவே தார் ரோடு ஏறுவதற்கு முன் ஏர் நிரப்பியே தீர வேண்டும்.

கரிசல் கதை வேறு. ஒரு ஐப்பசியில் கள்ளிக்குடிப் பக்கம் பருத்திக்காட்டு ஓரமாக ஒரு வண்டிப்பாதையில் இறங்கினேன், முந்தின நாள் பெய்த மழை, மேல் மண் காய்ந்தது போலத்தான் இருந்தது. ஐம்பது அடி போவதற்குள் டயரின் பள்ளமெல்லாம் களி அடைத்து நாலு சக்கரமும் வழுவழு உருளையாகிவிட்டது. நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு சுற்றுகிற ஃபோர் லோ கியரைப் போட்டேன், ஏரை இறக்கினேன், மிதிக்க மிதிக்க வண்டி கீழேதான் போனது, கடைசியில் ஆக்ஸில் மண்ணில் உட்கார்ந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்து விட்டார், காசு கொடுத்தபோது வாங்கவில்லை. கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பி ஒட்டிக்கொள்ளும், மணலுக்கு உதவுகிற வித்தை இங்கே அவ்வளவாக உதவாது. செம்மண் அரை நாள் வெயிலில் தேறிவிடும், கரிசலுக்கு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். கம்பை ஊன்றிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வந்தால் வண்டியை இறக்காதீர்கள்.

இழுக்கும் சாமானில், வண்டி எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும் கைனெட்டிக் கயிறு (இழுக்கும்போது நீண்டு சுருங்குவது) ஒன்று, கயிற்றை மாட்டுகிற, தாங்கும் எடை முத்திரை அடித்த ஷாக்கிள் என்ற இரும்பு வளையம் இரண்டு, சக்கரத்துக்கு அடியில் போடத் தென்னை மட்டை நாலைந்து, சாக்கு இரண்டு போதும். கயிற்றை மாட்டுவது கம்பெனி கொடுத்த டோ ஹூக்கில் மட்டும். டிரெய்லர் இழுக்கிற உருண்டையில் மாட்டி இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி பறந்து வரும், ஆள் உயிரே போகும். இழுக்கும்போது வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இந்த வண்டிகளில் நாலு சக்கரத்தையும் சாதாரண வேகத்தில் ஓட்டுகிற ஃபோர் ஹையைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டக் கூடாது, திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் போக, நடுவில் இரண்டு பக்கமும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் முறுக்கிக்கொண்டு அடிபடும்.

கரண்டுக்கு வருவோம். என்னென்ன ஓட்டப்போகிறீர்கள் என்று அதே நோட்டில் கணக்குப் போடுங்கள். 20 வாட் ஃபேன் ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் 200 வாட் ஹவர். எல்இடி விளக்குக்கு 50, இரண்டு போனுக்கு 30. மொத்தம் 280, அவ்வளவுதான். இதில் 40 லிட்டர் ஃபிரிட்ஜைச் சேர்த்தால் நம் வெயிலில் அது மட்டும் ஒரு நாளைக்கு 500, 600 இழுக்கும், அதன் பின்னாலேயே 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, 200 வாட் சோலார் தகடு என்று செலவு பெருகிக்கொண்டே போகும். இரண்டு இரவுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம் என்பது என் கருத்து. மீன் கடைக்கு ஐஸ் போடுகிறவர்களிடம் பாளமாக வாங்கி, கனமான ஐஸ் பெட்டியில் போட்டு, ஈரச் சாக்கை மேலே சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு நாள் தாராளமாக வரும்.

இரண்டாவது பேட்டரி வைத்தே ஆக வேண்டும் என்றால், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை வாங்கி வண்டிக்குள் வையுங்கள், பானெட்டுக்கு அடியில் வேண்டாம், அந்தச் சூட்டில் அதன் ஆயுள் குறைந்துவிடும். புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானாகக் குறைத்துக்கொள்வது உண்டு, அதனால் நடுவில், இரண்டாவது பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜைச் சரியாகக் கொடுக்கிற டிசி-டிசி சார்ஜர் அவசியம். வயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். முன்னாலிருந்து பின்னால் போய்த் திரும்ப 8 மீட்டர், 20 ஆம்பியர் ஓடுகிறது என்றால், 4 சதுர மி.மீ. வயரில் முக்கால் வோல்ட் வழியிலேயே தொலையும், 16 சதுர மி.மீ. போட்டால் 0.2 வோல்ட்கூடப் போகாது. ஃபியூஸை முதல் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போட வேண்டும், இரண்டாவது பேட்டரி பக்கத்திலும் ஒன்று. வயர் எங்கேயாவது தகரத்தில் உரசித் தோல் உரிந்தால் வண்டி எரியாமல் காப்பாற்றுவது அந்த ஃபியூஸ்தான்.

தண்ணீர், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர், கை கால் கழுவ இன்னொரு 5. இரண்டு பேருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்துப் பெல்ட் போட்டு இறுக்குங்கள். சித்திரை, வைகாசி என்றால் இன்னும் ஒரு கேன். அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர், நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள், சமையல் வெளியில்தான். அந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் வண்டித் தரையில் தேங்கி நிற்கும், எனவே உள்ளே படுக்கும்போது சிலிண்டர் வெளியே இருக்க வேண்டும்.

படுக்கை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் அலையும், தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது, கடித்தது பல பேருக்கு வலிப்பதுகூட இல்லை. பின் சீட்டை மடித்து 12 மி.மீ. ப்ளைவுட்டை மூன்று துண்டாகக் கீல் போட்டுப் படுக்கை செய்துகொள்ளலாம், லேத் பட்டறையில் கால் அடித்துத் தருவார்கள். அல்லது மடக்குக் கட்டில், அதன் மேல் நாலு பக்கமும் உள்ளே செருகின கொசுவலை. காலையில் ஷூவைத் தட்டிப் பார்த்துப் போடுங்கள். கடி என்று சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டு பெரிய அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், கீறுவதும் இறுக்கிக் கட்டுப்போடுவதும் வேண்டாம். போன் சிக்னல் கடைசியாக எங்கே கிடைத்தது என்று போகும்போதே பார்த்து வையுங்கள்.

இடம். ரிசர்வ் ஃபாரஸ்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது, மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் 23 பேர் போனதை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை, கோடையில் காய்ந்த புல் பக்கம் அடுப்பே பற்ற வைக்காதீர்கள். தெரிந்தவர் தோப்பு, பட்டா நிலம், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு தங்குவதுதான் நல்லது. கண்மாய்க்கரை என்றால் ஊருக்குள் போய் டீக்கடையில் உட்கார்ந்து பெரியவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள், ராத்திரி வெளிச்சம் பார்த்து யாரோ என்னவோ என்று பயப்பட மாட்டார்கள். வைகை ஆற்றுக்குள் மணல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டியை இறக்கித் தங்காதீர்கள். வைகை அணையில் தண்ணீர் தேக்கும் உயரம் 71 அடி, 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மேலே திறந்தால் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் வரும்.

வீட்டுக்குத் திரும்பியதும் தூங்கப் போவதற்கு முன் சக்கரத்தின் உள் பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். ரிம்மில் ஒட்டின கரிசல் காய்ந்து இறுகினால் மறுநாள் ரிங் ரோட்டில் எழுபதைத் தாண்டும்போது ஸ்டியரிங் உதறும், வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓடுவீர்கள். கழுவின கையோடு வீல் நட்டையும் ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்கள்.